தட்டை விடுங்கள், கிண்ணத்தைப் பாருங்கள்

எங்கள் ஊர் சிலியாவ். நெகிரி செம்பிலானில், ஒரு காலத்தில் ரப்பரும் இப்போது பெரும்பாலும் செம்பனையும் நிற்கும் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் சின்னப் பட்டணம். போர்ட்டிக்சன் கடற்கரை காரில் அரை மணி நேரத் தொலைவு. தோட்டத்து லாரியில் சாமான் சட்டியோடு ஏறி தெலுக் கெமாங் போய் நாள் முழுக்கக் குளித்துவிட்டு வந்த தலைமுறை எங்களுடையது. அப்படியிருந்தும், அந்தக் கடலில் பவளம் உயிரோடு இருக்கிறது என்று சொன்னால் இங்கே பலர் நம்புவதில்லை. பவளம் என்றால் தியோமான், ரெடாங், பெர்ஹெந்தியான் என்று கிழக்குக் கரைத் தீவுகள்தான் நினைவுக்கு வருகின்றன. மலாக்கா நீரிணையின் கலங்கல் தண்ணீரில் என்ன இருக்கப்போகிறது என்ற எண்ணம்.

இருக்கிறது. தஞ்சோங் துவான் முனையைச் சுற்றிக் கடல் நன்றாக வற்றும் நாளில் போய்ப் பாருங்கள். மேலே காடு, அதன் உச்சியில் பழைய கலங்கரை விளக்கம், மார்ச் மாதம் சுமத்ராவிலிருந்து கடல் தாண்டி வரும் தேன்பருந்துகள். இவற்றுக்காக அங்கே போகிறவர்கள் உண்டு. 1606-இல் டச்சுக்காரரும் போர்த்துக்கீசியரும் இந்த முனைக்கு எதிரேதான் கடற்போர் நடத்தினார்கள். ஆனால் கீழே, பாறைகளுக்கு இடையில், முழங்கால் ஆழத் தண்ணீரில் கிடப்பதைக் குனிந்து பார்ப்பவர்கள் குறைவு. இந்த முனையின் பவளத்திட்டைப் பற்றி 1980-இலேயே ஆய்வுக் கட்டுரை வந்திருக்கிறது. நம் வீட்டுப் பக்கத்துக் கடல் என்பதால்தான் நாம் கவனிக்காமல் விட்டோம் என்று நினைக்கிறேன்.

நான் தோட்ட அலுவலகத்தில் கிராணி. கடல் எனக்குத் தொழில் இல்லை. ஆனால் சில வருடங்களாக ஓய்வு கிடைக்கும்போதெல்லாம் இந்தக் கரையில் நடப்பதால், தெரிந்தவர்கள் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பிக் கேட்கிறார்கள். அதிகம் வரும் கேள்வி ஒன்றுதான். என் அக்கா மகளும் அதையே கேட்டாள்: "சின்னம்மா, தட்டு மாதிரி இருக்கே, இது என்ன பவளம்?"

தட்டாக இருக்கிறது என்பதை மட்டும் வைத்துக்கொண்டு அதற்குப் பதில் சொல்ல முடியாது. ஒன்றுக்கொன்று உறவே இல்லாத பல பவளக் குடும்பங்கள் தட்டாக வளரும். எங்கள் தோட்டத்துக்காரர்களுக்கு இது உடனே புரியும். செம்பனையின் அடிமரத்தில் தட்டுத் தட்டாகக் காளான் தள்ளியிருந்தால் மரத்தையே சாய்க்கும் கானோடெர்மா என்ற நோய்க்காளானோ என்று பயப்படுவோம். ஆனால் தோட்டத்தில் கிடக்கும் எல்லாத் தட்டுக் காளானும் கானோடெர்மா இல்லை. விஷயம் தெரிந்த மண்டோர் அதைத் திருப்பி அடிப்பக்கம் பார்ப்பார், மேல்தோலின் பளபளப்பைப் பார்ப்பார், அப்புறம்தான் வாயைத் திறப்பார். பவளத்துக்கும் அதே நிதானம் வேண்டும். மொத்த வடிவத்தை முதலில் மறந்துவிட வேண்டும்.

வடிவம் ஏன் நம்பத்தகாதது என்றால், அது பெரும்பாலும் வெளிச்சத்தைப் பொறுத்தது. பாறைத்திட்டைக் கட்டும் வன்பவளங்களின் சதைக்குள் நுண்பாசிகள் வாழ்கின்றன. அவை வெயிலில் தயாரிக்கும் உணவில்தான் பவளம் பெரும்பாலும் பிழைக்கிறது. தண்ணீர் கலங்கியிருந்தால், அல்லது ஆழமாக இருந்தால், வெளிச்சம் மேலிருந்து மெலிதாகத்தான் வரும். அதை வாங்கப் பக்கவாட்டில் அகலமாக விரிவதே வழி. ஆகவே தட்டு என்பது ஓர் இனத்தின் அடையாளத்தைவிட, ஓர் இடத்தின் நிலைமைக்கு உயிர் சொல்லும் பதில். கிழக்குக் கரைத் தீவுகளில் ஆழத்தில் இறங்கினால் கிடைக்கும் மங்கலான வெளிச்சம், போர்ட்டிக்சனில் இடுப்பளவு தண்ணீரிலேயே வந்துவிடுகிறது. அதனால் இங்கே தட்டுகளை இவ்வளவு மேட்டிலேயே காண முடிகிறது.

முதலில், அது வன்பவளம்தானா என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். விசிறி விசிறியாக, கோடு கோடாக, காகிதம்போல் மெல்லியதாக இருந்து அலைக்கு ஆடினால் அது பாடினா என்ற கடற்பாசி. சுண்ணாம்பு படிந்து வெளுத்திருப்பதால் ஏமாற்றும். துளைகள் சும்மா வெறும் ஓட்டைகளாக, உள்ளே எந்த அமைப்பும் இல்லாமல் இருந்தால் கடற்பஞ்சாக இருக்கலாம். அதிகம் குழப்புவது மென்பவளம். சார்கோஃபைட்டன் என்ற வகைக்குத் தண்டும், மேலே மடிந்த விளிம்புள்ள அகலமான தலையும் இருக்கும். பாலிப்புகள், அதாவது பவளத்தின் விரல் நீட்டும் குட்டி உயிர்கள், விரிந்திருக்கும்போது தூரத்திலிருந்து வன்பவளத் தட்டுபோலவே தெரியும். தொட வேண்டியதில்லை. தண்ணீர் வற்றியதும் மென்பவளம் தொய்ந்து சரிந்துவிடும், சுண்ணாம்புத் தட்டு விறைப்பாக அப்படியே நிற்கும். தண்ணீருக்குள் இருக்கும்போது கண்ணாடி போட்டு உற்றுப் பார்த்தால் இன்னொரு அடையாளமும் உண்டு: மென்பவளப் பாலிப்புக்குச் சரியாக எட்டு விரல்கள், ஒவ்வொரு விரலின் இரு ஓரத்திலும் குட்டிக் கிளைகள். வன்பவளத்துக்கு அவை ஆறின் மடங்கில், கிளைகள் இல்லாமல் இருக்கும்.

சரி, வன்பவளம்தான். இனி மேற்பரப்பு. முகத்தைத் தண்ணீருக்குப் பக்கத்தில் கொண்டு போங்கள். தட்டின் மேல் தனித்தனியாக வட்டக் கிண்ணங்கள் இருக்கின்றனவா, அல்லது கிண்ணமே தெரியாமல் வரப்பும் பள்ளமுமாக ஓடுகிறதா? இந்த ஒரு கேள்வி பாதி வேலையை முடித்துவிடும். ஒவ்வொரு கிண்ணமும் ஒரு பாலிப் உட்கார்ந்திருக்கும் வீடு.

தனித்தனி வட்டக் கிண்ணங்கள், கண்ணால் சுலபமாக எண்ணக்கூடிய அளவு, அவற்றுக்கு இடையில் வரப்போ முள்ளோ இல்லாத சமமான பரப்பு, கிண்ணங்கள் தட்டின் ஒரு பக்கத்தில் மட்டும். இப்படி இருந்தால் அது பெரும்பாலும் டர்பினேரியா. எனக்கு இந்தக் கடலில் மிகவும் பிடித்த பவளம் இதுதான், அதனால் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன்.

டர்பினேரியா சிறுவயதில் தட்டே இல்லை. ஒரு குட்டைக் காம்பில் நிற்கும் குழிந்த கோப்பை. வளர வளர விளிம்பு விரிந்து தட்டாகிறது, இடம் பார்த்து மடிகிறது, சுருள்கிறது, அடுக்கடுக்காகிறது. எலும்புக்கூடு முழுவதும் நுண்ணிய துளைகள் நிறைந்தது. கிண்ணத்தின் சுவரும் சுற்றியுள்ள பரப்பும் ஒரே துளைச் சுண்ணாம்பால் ஆனவை. கிண்ணத்துக்குள் சிறிய, ஒழுங்கான தடுப்புகள் சுற்றிலும் நின்று, நடுவில் ஒரு மேடு இருக்கும். கரை ஒதுங்கிய செத்த துண்டு கிடைத்தால் இதையெல்லாம் நிதானமாகப் பார்க்கலாம்.

இதன் குடும்பம் டென்ட்ரோஃபில்லிடே. அந்தக் குடும்பத்தில் பெரும்பாலானவை நுண்பாசி இல்லாமல், இருட்டிலும் ஆழத்திலும் இரை பிடித்து வாழ்பவை. பாறை இடுக்கின் நிழலில் ஆரஞ்சு நிறத்தில் பூத்திருக்கும் சூரியப் பவளம் இதன் சொந்தக்காரன்தான். டர்பினேரியாவோ நுண்பாசியைச் சேர்த்துக்கொண்டு வெளிச்சத்துக்கு வந்துவிட்டது. இரை பிடிக்கும் பாலிப்பும் இருக்கிறது, பாசி தரும் உணவும் இருக்கிறது. சேறு படிந்தால் தள்ளிவிடும் திறனும் பல பவளங்களைவிட இதற்கு அதிகம். நம் கடலில் இது தாக்குப்பிடிப்பதற்கு இவையெல்லாம் காரணம்.

இனம் வரை போக வேண்டுமென்றால் கிண்ணத்தை அளக்க வேண்டும். 3 முதல் 5 மில்லிமீட்டர் வரை அகலமான பெரிய கிண்ணங்கள், பகலிலேயே வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பருமனான பாலிப்புகள் என்றால் டர்பினேரியா பெல்டாட்டா. கிண்ணம் 2 மில்லிமீட்டர் அளவுக்குச் சிறுத்து இருந்தால் மெசென்டரினாவோ ரெனிஃபார்மிஸோ. ரெனிஃபார்மிஸ் பெரும்பாலும் மஞ்சள் கலந்த பச்சையில், விளிம்பு தெளிவாகத் தெரியும்படி இருக்கும். நிறத்தை மட்டும் வைத்து முடிவு கட்ட வேண்டாம். ஒரே இனம் சாம்பலாகவும் பழுப்பாகவும் பச்சையாகவும் இருக்கும்.

இந்தக் குடும்பத்துக்குப் பெயர் வைத்தவர்களும் வடிவத்தோடு மல்லுக்கட்டியிருக்கிறார்கள். மெசென்டரினாவுக்கு பிரெஞ்சு இயற்கையியலாளர் லாமார்க் 1816-இல் பெயர் வைத்தார். 1896-இல் ஹென்றி பெர்னார்ட் பிரிட்டிஷ் மியூசியத்தில் சேர்ந்திருந்த டர்பினேரியா எலும்புக்கூடுகளை வரிசைப்படுத்தினார். காய்ந்த மாதிரிகள் மட்டுமே கையில். ஒன்று கோப்பை, ஒன்று தட்டு, ஒன்று சுருள். பல புதுப் பெயர்களை வைத்தார். ரெனிஃபார்மிஸ் அவற்றில் ஒன்று, அது நிலைத்தது. வேறு பல, ஏற்கெனவே பெயர் உள்ள இனங்களின் மாற்று வடிவங்கள்தான் என்று பிற்காலத்தில் முடிவாகிவிட்டது. பெர்னார்டே 1903-இல் கோனியோபோரா பற்றியும், 1905-இல் பொரைட்டஸ் பற்றியும் எழுதியபோது வழக்கமான இனப்பெயரைக் கைவிட்டு, கிடைத்த இடத்தின் பெயரோடு ஓர் எண்ணை மட்டும் சேர்த்துக் குறித்தார். இத்தனை மாதிரிகளைக் கையில் எடுத்துப் பார்த்த மனிதர் அந்த முடிவுக்கு வந்தார் என்பதை நான் பெரிதும் மதிக்கிறேன். நேர்மையான முடிவு அது.

அவரிடம் இல்லாதது கடல். உயிருள்ள பவளத்தை ஓர் ஆழத்திலிருந்து இன்னோர் ஆழத்துக்கு மாற்றி வைத்துப் பார்த்த ஆய்வுகள் பின்னால் வந்தன. ஆஸ்திரேலியாவில் பெட்டி வில்லிஸ் 1985-இல் வெளியிட்ட ஆய்வு டர்பினேரியா மெசென்டரினாவையும் பவோனா கேக்டஸ் என்ற வேறொரு வன்பவளத்தையும் ஒப்பிட்டது. மெசென்டரினா புதிய இடத்தின் வெளிச்சத்துக்கேற்ப வடிவத்தை மாற்றிக்கொள்வது. பவோனா தன் வடிவத்தை விடாதது. வெளிச்சம் மிகுந்த மேட்டில் மெசென்டரினா நிமிர்ந்து சுருண்டு தனக்குத்தானே நிழல் தந்துகொள்ளும். வெளிச்சம் குறைந்த இடத்தில் அதே இனம் தரையோடு விரிந்து கிடக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் வேறு வேறு இனம் என்றுதான் எவரும் சொல்வார்கள். கிண்ணத்தைப் பார்த்தால் சொல்ல மாட்டார்கள்.

இனி வரப்புக்காரர்கள். கிண்ணம் தெரியாமல் வரப்புகள் விளிம்புக்கு இணையாக, வளையம் வளையமாகச் சுற்றி ஓடினால் பாக்கிசெரிஸ். அதன் பாலிப்பு விரல் நீட்டி எவரும் பார்த்ததில்லை. அத்தனை மொழுமொழுவென்று இருக்கும். வரப்புகள் நடுவிலிருந்து கிளம்பி, கிளை பிரிந்து பிரிந்து விளிம்பை நோக்கி ஓடினால் மெருலினா. சுற்றி ஓடுகிறதா, வெளியே ஓடுகிறதா என்று பார்த்தால் போதும், இந்த இரண்டையும் நிற்கும் இடத்திலிருந்தே பிரித்துவிடலாம். என் அக்கா மகள் காட்டியது மெருலினா. திசையை அவளையே விரலால் காற்றில் வரைந்து காட்டச் சொன்னேன், அவளே வித்தியாசத்தைக் கண்டுபிடித்துவிட்டாள்.

டர்பினேரியாவோடு உண்மையில் குழம்பக்கூடியது எக்கினோபோரா. அதுவும் மெல்லிய தட்டு, அதிலும் தனித்தனிக் கிண்ணங்கள். ஆனால் கிண்ணத்தின் மேலும் இடைப்பட்ட பரப்பிலும் நுண்ணிய முட்கள் இருக்கும், பார்த்தாலே சொரசொரப்புத் தெரியும். கிண்ணங்கள் எல்லாம் விளிம்பை நோக்கிச் சாய்ந்தபடி இருந்தால் மைசிடியம். கிண்ணங்கள் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக, ஊசிக்குத்துப் புள்ளிகளாக மட்டும் தெரிந்தால் மாண்டிபோரா. தரையில் ஒட்டாமல் தனியாகக் கிடந்து, நடுவில் ஒரே ஒரு நீண்ட வாயும் அதைச் சுற்றித் தடுப்புகளும் இருந்தால் அது காளான் பவளம். முழுத் தட்டும் ஒரே பாலிப்பு. அதே குடும்பத்தில் போடபாசியா போன்ற சில, தரையோடு ஒட்டி, பல வாய்களோடு அகலமாக விரியும்.

படம் அனுப்புகிறவர்கள் பதறுவது ஒரு விஷயத்துக்கு: விளிம்பு வெள்ளையாக இருக்கிறதே, செத்துக்கொண்டிருக்கிறதா? பெரும்பாலும் இல்லை. தட்டு வளர்வது விளிம்பில்தான். புதிதாக வளர்ந்த இடத்தில் நுண்பாசி இன்னும் நிறையவில்லை, அதனால் வெளுப்பு. ஒழுங்கான மெல்லிய வெள்ளைக் கரை நல்ல அடையாளம். வெளிறல் நோக்காடு வேறு மாதிரி வரும். தண்ணீரின் சூடு வழக்கமான உச்சத்தைவிட ஒரு டிகிரி கூடி வாரக்கணக்கில் நின்றால் பவளம் நுண்பாசியை வெளியேற்றிவிடும். மேற்பரப்பு முழுவதும், வெளிச்சம் நேராகப் படும் பக்கம் முதலில், வெண்மையாகும். அப்போதும் அது செத்துவிடவில்லை. உற்றுப் பார்த்தால் கண்ணாடிபோன்ற சதை இருக்கும், சூடு சீக்கிரம் தணிந்தால் மீளும். சதை போய், எலும்பின் மேல் இழை இழையாகப் பாசி பிடித்துவிட்டால்தான் போனது போனதுதான். 2010-இல் தியோமானிலும் ரெடாங்கிலும் சில முக்குளிப்பு இடங்களை மூடியது இதற்காகத்தான். 2024 ஏப்ரலில் உலக அளவில் நான்காவது வெளிறல் நிகழ்வு என்று அறிவித்தார்கள்.

பார்க்கப் போகிறவர்களுக்கு: அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில்தான் கடல் அதிகம் வற்றும். நீரிணையின் இந்தப் பக்கம் ஒரு நாளில் இரண்டு முறை ஏறி இரண்டு முறை வற்றும், நேரம் தினமும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். அட்டவணையைப் பார்த்து, வற்றி முடிவதற்கு ஒரு மணி நேரம் முன்பே இறங்குங்கள். ஏற ஆரம்பித்ததும் கரைக்கு வந்துவிடுங்கள். தடித்த அடியுள்ள காலணி கட்டாயம். மணலிலும் வெறும் பாறையிலும் மட்டும் மிதியுங்கள். தட்டின் விளிம்பு ஒரு மிதியில் உடையும், அது பல வருட வளர்ச்சி. படம் எடுத்தால் மேலிருந்து ஒன்று, விளிம்பு ஒன்று, கிண்ணம் தெரியும்படி மிக அருகில் ஒன்று. பக்கத்தில் ஒரு 10 சென் காசைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள், பவளத்தின் மேல் வைக்காதீர்கள். அதன் குறுக்களவு 18.8 மில்லிமீட்டர், கிண்ணத்தை அதோடு ஒப்பிட்டு அளந்துவிடலாம். காசு இல்லாமல் வரும் படத்துக்கு இனப்பெயர் சொல்ல நான் மறுத்துவிடுகிறேன்.

பாறையில் உட்கார்ந்து தூண்டில் போடும் அண்ணன் ஒருவரிடம் ஒருநாள் ஒரு டர்பினேரியாவைக் காட்டினேன். நடுக்குழியில் சேறு தேங்கி அந்த இடம் மட்டும் செத்திருந்தது; சுற்றிலும் விளிம்பு உயிரோடு. அவர் முன்பு எங்கள் பக்கத்துத் தோட்டத்தில் மரம் நட்டவர். "இந்த மண்ணு எங்கேருந்து வருதுன்னு எனக்குத் தெரியும்மா," என்றார். "மறுநடவு நேரத்துல மழை பேஞ்சா ஓடை செவப்பா ஓடும்."

எனக்கும் தெரியும். செம்பனை 25 வயதை எட்டியதும் சாய்த்துவிட்டு மறுபடி நடுவோம். அந்த இடைவெளியில் நிலம் வெறுமையாகக் கிடக்கும். லிங்கி ஆறு சிரம்பான் பக்கமிருந்து தோட்டங்களையும் பட்டணங்களையும் தாண்டி வந்து, தஞ்சோங் துவானுக்குத் தென்கிழக்கே கடலில் சேர்கிறது. கடலில் இருக்கும் சேறு முழுவதும் தோட்டத்துடையது இல்லை; வீடு கட்டுமிடங்களும் சாலை வேலைகளும் கரையோரத் தூர்ப்பும் அதில் உண்டு. ஆனால் நம் பங்கு இருக்கிறது, அதைக் குறைக்கும் வழியும் தோட்டத்துக்காரர்களுக்குத் தெரிந்ததுதான். மரம் சாய்த்த கையோடு முக்குனா மாதிரி மூடுகொடியைப் படரவிடுவது, சரிவில் வண்டல் குழி வெட்டுவது, ஆற்றோரத்தில் ஒரு பட்டை நிலத்தைச் செடி கொடியோடு தொடாமல் விடுவது. மூடுகொடிக்கான விதைக் கணக்கு எங்கள் அலுவலகத்தில் என் மேசைக்குத்தான் வரும். அடுத்த மறுநடவுக்கு அந்த விதை, மழை தொடங்கும் முன்பே வந்து சேர வேண்டும் என்று இந்த முறை குறிப்பில் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.